ஸ்லோ லோக்கல்

முலுண்டில் எட்டு ஆறுக்கு ஃபாஸ்ட் வரும்.
விட்டுவிடுவேன்.
எட்டு பதினொன்றுக்கு ஸ்லோ.
நாஹூர், பாண்டுப், காஞ்சூர்மார்க், விக்ரோளி...
மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை
இறங்கவிடும் வண்டி.

ஜெபராணிக்குக் கூட்டம் என்றால் பயம் என்கிறார்கள் ஆபீசில்.
இருக்கட்டும்.
கூட்டத்துக்குப் பயந்தவள்
பம்பாயில் பதினாறு வருஷம் இருப்பாளா?

மற்றவர்களுக்கு இது ஸ்டேஷன்களின் வரிசை.
எனக்குத் தாழ்ப்பாள்களின் வரிசை.
பாண்டுப்பில் தாழ்ப்பாள் உண்டு, தண்ணீர் இல்லை.
விக்ரோளியில் தண்ணீர் உண்டு,
சாவி யாரிடம் என்பது யாருக்கும் தெரியாது.
காட்கோபரில் எல்லாம் உண்டு, க்யூவும் உண்டு.
குர்லாவில் ரக்மா தாயி.

மராத்தியில் தாயி என்றால் அக்கா.
முதல் தடவை நான் ஓடிவந்து
பைக்குள் சில்லறை துழாவியபோது
என் முகத்தை ஒரு தரம் பார்த்து
"ஆதீ ஜா" என்றாள்.
முதலில் போ.
அன்றிலிருந்து எனக்கு அங்கே பற்று.
மாதக் கடைசியில் தீர்ப்பேன்,
பால்காரர், பேப்பர்காரர், ரக்மா தாயி.

ஊருக்குப் போகும் ரயிலில் மட்டும்
முப்பது மணிநேரமும் ராணி நான்.
பெட்டிக்கு நாலு கழிப்பறை.

ரத்தம் பார்த்தார்கள். மலம் பார்த்தார்கள்.
மயக்கம் கொடுத்து உள்ளே விளக்கடித்துப் பார்த்தார்கள்.
எல்லாம் நார்மல் என்று வந்த அன்று
எபனேசர் ஸ்தோத்திரம் சொன்னான்.
நான் எண்ணிப் பார்த்தேன்:
ஆறு பக்கத்தில் பதினான்கு நார்மல்.
பதினான்கு தடவை
நான் பொய் சொன்னவள் ஆகியிருந்தேன்.

ஓமத்தண்ணீர் குடி என்றாள் மூன்றாம் மாடி.
வெறும் வயிற்றில் வெந்தயம் என்றாள் தரைத்தளம்.
டென்ஷன் ஆகாதே என்றார்கள் எல்லோரும்,
டென்ஷன் ஏதோ நான் கடையில் கேட்டு வாங்கிவந்தது போல.

டாக்டர் மிஸ்திரி, பார்சிக்காரர்.
பெயருக்கேற்பக் குழாயைப் பற்றிப் பேசுவார் என்று பார்த்தால்
வயரைப் பற்றிப் பேசினார்.
குழாயில் ஓட்டை இல்லை, அடைப்பு இல்லை.
மூளைக்கும் குடலுக்கும் நடுவே ஓடும் லைனில்தான்
மெதுவாகச் சொன்னது கத்தலாகக் கேட்கிறது.
வலி நிஜம் என்றார்.
நிஜம் என்ற அந்தச் சொல்லை
வீடுவரை கையில் வைத்துக்கொண்டே வந்தேன்.

வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று
நம் ஆட்கள் சொன்னதை
உவமை என்று நினைத்திருந்தேன் இத்தனை நாளும்.

நோயின் பெயரைத் தமிழில் சொன்னேன், குடல் எரிச்சல்.
"யார் மேல வயித்தெரிச்சல்?" என்று சிரித்தான் எபனேசர்.
நானும் சிரித்தேன்.
பிறகு சிரிக்கவில்லை என்று அவனுக்குப் புரிந்தது.
மறுநாள் குழம்பில் வெங்காயம் இல்லை,
பூண்டு இல்லை,
ருசியும் இல்லை.
இரண்டாம் தரம் போட்டுக்கொண்டான்.

இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்.
மைதா. பால். ஆடிட் வாரம்.
மேலாளர் படேகரின் மிஸ்டு கால்.
எதைத் தின்றால் என்ன ஆகும் என்பது பாதி தெரியும்,
மீதி பாதி சும்மா வரும்.
தீர்ந்துபோகாதாம்.
ஆளைக் கொல்லவும் கொல்லாதாம்.
நல்ல நாட்களும் உண்டு. போன மார்ச்சில்
பதினொரு நாள் தொடர்ந்து
அதை மறந்தே இருந்தேன்.

நேற்று மழை.
வித்யாவிஹாருக்கும் குர்லாவுக்கும் நடுவில்
வண்டி நின்றுவிட்டது.
லேடீஸ் பெட்டியில் கம்பியைப் பிடித்தபடி
எனக்கு முன்னால் ஒருத்தி.
கழுத்தில் பேங்க் அடையாள அட்டை,
மேலுதட்டில் வியர்வை,
துப்பட்டாவுக்குள் வயிற்றை அழுத்தும் கை.
உதடு எண்ணிக்கொண்டிருந்தது.

நானும் ஏழு ஏழாகத்தான் எண்ணுவேன்.

என் வயிறு அப்போது அமைதியாக இருந்தது,
அதிசயமாக.
அவள் காதருகே குனிந்து சொன்னேன்:
குர்லாவில் இறங்கியதும் இடது பக்கம்,
வடாபாவ் கடை தாண்டி நீலக் கதவு.
காசு தேடி நிற்காதே.
ஜெபராணி கணக்கு என்று சொல்.

அவள் என்னைப் பார்த்தாள்.
எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.
வண்டி ஒரு குலுக்குக் குலுங்கி
நகர்ந்தது,
மெதுவாக.